நிதானம் கார் எடுத்துக்கொண்டு போன கதை

ஆபீசில் அவளுக்கு நிதானம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு ரொம்ப நாளாகிறது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மணிப் பொத்தானை அழுத்தினால் மறுமுனையில் ஒரு குரல் வருமே, "சொல்லுங்க, கேட்டுட்டிருக்கேன்" என்று, அந்தக் குரல்தான் அவள் வேலை. வயது ஐம்பத்து நான்கு. பதினோரு வருஷமாக இதே பிழைப்பு.

கத்துகிறவர், அழுகிறவர், கதவை எட்டி உதைக்கிறவர், யாராக இருந்தாலும் அவளிடம் ஐந்து நிமிடம் பேசினால் அடங்கித் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு முடியவில்லையா, மூச்சு விட முடிகிறதா என்று வரிசையாகக் கேட்பாள். அதற்குள் மெக்கானிக் கிளம்பியிருப்பார். ஒருத்தர், தான் நிஜமாகவே லிஃப்டில்தான் மாட்டியிருப்பதாகத் தன் மனைவிக்குப் போன் போட்டுச் சாட்சி சொல்லச் சொன்னார். அதையும் செய்தாள். அந்த அம்மா நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

கம்பெனியில் ஒரே ஒரு விதியைத்தான் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை நாம் லைனை வைக்கக் கூடாது. அவசரம் என்றால் இன்னொருவருக்கு மாற்றிவிடலாம், அதற்குத் தனிப் பொத்தான் இருக்கிறது. மற்றவர்கள் சாப்பாட்டு நேரம் வந்தாலே அதைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள். நிதானம் வருஷத்துக்கு ஒரு தடவைகூடத் தொட மாட்டாள். எடுத்த ஆளைக் கரை சேர்ப்பது என் பொறுப்பு என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம். மேற்பார்வையாளர், எல்லாரும் கடிகாரம் என்று கூப்பிடுகிற மனிதர், கூட்டம் போட்டாலே அவளைத்தான் எடுத்துக்காட்டுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனி ஆபீஸ் கட்டடத்தைக் காலி செய்துவிட்டு ஆளுக்கு ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன் கொடுத்து, இனி வீட்டிலிருந்தே பாருங்கள் என்று அனுப்பிவிட்டது. அவள் வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவர் போய் ஆறு வருஷம். ஒரே மகள், கல்யாணமாகி நாட்டின் அந்தக் கோடியில் இருக்கிறாள். ஆகவே காலை ஏழிலிருந்து மூன்று வரை லிஃப்டுக்குள் இருப்பவர்களோடு பேசுவாள். மூன்று மணிக்கு மேல் அவளோடு பேச ஆள் கிடையாது. காய்கறிக்காரரிடம் தேவைக்கு மேல் இரண்டு நிமிடம் நின்று பேசுவாள். அவருக்கு வியாபாரம் இருக்கும், பாவம்.

எட்டு மாதத்துக்கு முன்னால் நடந்ததுதான் இந்தக் கதைக்குக் காரணம். வேலை நேரத்தில் சொந்த போன் அணைத்து வைத்திருக்க வேண்டும். அவசரத்துக்கென்று மகளுக்கு மட்டும் ஆபீஸ் லைனின் நேரடி எண்ணைக் கொடுத்திருந்தாள். அன்றைக்குப் பத்தரை மணிக்கு அந்த எண்ணில் மகள் வந்தாள். "அம்மா" என்றாள். அப்புறம் அழுகை. அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

பெற்ற தாய் என்ன கேட்க வேண்டும்? நிதானம் கேட்டாள்: "எங்க இருக்க? கூட யாரு இருக்காங்க? மூச்சு விட முடியுதா?" அதே வரிசை, அதே குரல். மகள் பதில் சொல்லத் தொடங்கும் முன் லிஃப்ட் மணி ஒன்று அடித்தது. "லைன்லயே இரு" என்று சொல்லி மகளைக் காக்க வைத்துவிட்டு அதை எடுத்தாள். உள்ளே ஒரு மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார். அவரை வெளியே கொண்டுவர இருபத்து மூன்று நிமிடம் ஆனது. திரும்பி வந்தபோது மகளின் லைன் கட்டாகியிருந்தது. குழந்தை போய்விட்டது என்று சாயங்காலம் மாப்பிள்ளைதான் சொன்னார்.

அதற்கப்புறம் மகள் ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது, "நீ வர வேணாம்மா. உனக்கு வேலை இருக்கும்" என்றாள். வராதே என்றால் வராமல் இருந்துவிடுவதா? அடித்துப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாமா? இவள் இருந்துவிட்டாள். சொன்னதற்குக் கட்டுப்பட்டாளாம். அப்புறம் எட்டு மாதம் மாதத்துக்கு இரண்டு போன். சாப்டியா, சாப்டேன், மழையா, மழைதான், வச்சுடறேன். அவ்வளவுதான்.

எட்டாவது மாதம் ஒருநாள் நிதானம் தானாகவே, "நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டாள்.

"லீவு கிடைக்குமா உனக்கு?"

"லீவு இல்ல. கார்லயே வேலை பாத்துக்கிட்டு வந்துடறேன். பன்னெண்டு நாள் ஆகும்."

"உன் இஷ்டம்" என்றாள் மகள்.

விமானத்தில் போனால் மூன்று மணி நேரம். வார விடுமுறையில் போய்விட்டுத் திரும்பியிருக்கலாம். நிதானத்துக்கு அது தெரியாமலில்லை. மூன்று மணி நேரத்தில் போய் இறங்கி, கதவு திறந்ததும் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் நடுவில் எங்காவது ஒரு வார்த்தை அகப்படாமலா போகும் என்று நினைத்தாள். அதோடு அந்த ‘உன் இஷ்டம்’ வா என்று அர்த்தமா, வராதே என்று அர்த்தமா என்பதையும் ஆற அமர யோசிக்க வேண்டியிருந்தது.

கணவர் வாங்கிய கடுகு நிறக் கார். பக்கத்து இருக்கையில் துணிக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் லேப்டாப். இரண்டு வெவ்வேறு செல்போன் கம்பெனி சிம். காலையில் ஏழு மணிக்குள் சிக்னல் நன்றாக இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட வேண்டும். பெட்ரோல் பங்க், நூலகத்து வாசல், மூடிக்கிடக்கிற தியேட்டரின் பின்புறம் என்று இடம் பிடித்தாள். இன்ஜின் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் ஏசி கிடையாது. வெளிச்சத்தம் வரும் என்பதால் கண்ணாடியும் ஏற்றியே இருக்கும். ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு எட்டு மணி நேரம் வெந்துகொண்டிருப்பாள். மூன்று மணிக்கு லேப்டாப்பை மூடிவிட்டு இருட்டும்வரை ஓட்டுவாள். கடிகாரத்திடம் எதுவும் சொல்லவில்லை. எங்கிருந்து வேலை பார்த்தால் என்ன, லைன் கட்டாகாமல் இருந்தால் அவருக்குப் போதும்.

இரண்டாம் நாள் ஒருவர் லிஃப்டுக்குள்ளிருந்து கேட்டார். "மேடம், நீங்க எங்க இருந்து பேசறீங்க?"

"கன்ட்ரோல் ரூம்ல இருந்து சார்."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி காது கிழிய ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"கன்ட்ரோல் ரூமுக்குள்ள லாரியெல்லாம் போகுமா?"

"பெரிய ரூம் சார்" என்றாள். அந்த மனிதர் மாட்டிக்கொண்டதை மறந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். அழைப்பு முடிந்ததும் காருக்குள் சட்டென்று அமைதி வந்து உட்கார்ந்தது. இந்தச் சிரிப்பை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. முன்பெல்லாம் மகளிடம்தான் சொல்வாள். மூன்று மணிக்கு லேப்டாப்பை மூடியதும் போனைக் கையில் எடுத்து, பெயரைப் பார்த்துவிட்டு, மறுபடி வைத்துவிட்டாள்.

ஒவ்வொரு ஊரிலும் லாட்ஜ்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "தனியாவா வந்திருக்கீங்க?" முதல் நாள், "ஆமா" என்றாள். மூன்றாம் நாள் தலையை மட்டும் ஆட்டினாள். நான்காம் நாள், "பின்னாடி வர்றாங்க" என்று சொல்லிவிட்டாள். ஆறாம் நாள் லாட்ஜில் இருந்த அம்மா நல்ல மனதோடு இரண்டு துண்டு, இரண்டு சோப்பு வைத்துவிட்டுப் போனாள். நிதானம் அந்த இரண்டாவது துண்டைப் பார்த்தபடியே ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டாள். காலையில் அதைக் கொஞ்சம் நனைத்துக் கசக்கிப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். பொய் சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி நடந்துகொள்ளவும் வேண்டுமல்லவா?

ஓட்டுகிற நேரமெல்லாம் ஒத்திகைதான். முன் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். "அம்மா தப்புப் பண்ணிட்டேன்." சரியாக வரவில்லை. "அன்னைக்கு என் நிலைமை என்னன்னா..." இது அதைவிட மோசம், ஆபீஸ் விளக்கக் கடிதம் மாதிரி. எதைச் சொன்னாலும் பாதியிலேயே அந்தக் குரல் வந்து ஏறிக்கொள்ளும். மெத்தென்ற, பிசிறில்லாத, எல்லாருக்கும் பொதுவான குரல். லிஃப்டில் இருப்பவர்களுக்கு அது மருந்து. மகளுக்கு என்று தனியாக ஒரு குரல் அவளிடம் ஒரு காலத்தில் இருந்தது. அதை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை. எட்டாம் நாள் சாலை நேராக, ஆளரவமில்லாமல், கண்ணுக்கெட்டிய தூரம் போய்க்கொண்டே இருந்தது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு மகளின் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தாள். யாரோ அந்நியரைக் கூப்பிடுவது போலத்தான் இருந்தது. பயமாகிவிட்டது. இனி இப்படியே இருந்துவிடுவோமோ, மகள் கடைசிவரை சாப்டியா, மழையா என்றே பேசிப் பேசி ஒருநாள் அதையும் நிறுத்திவிடுவாளோ என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினாள்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மகள் இருக்கிற தெருவுக்குள் கார் நுழைந்தது. மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. இதைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்தது. மூன்றாம் மாடி பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கம், மரத்தடியில் காரை நிறுத்தினாள். இன்ஜினை அணைத்தாள். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இறங்கவில்லை.

வார்த்தை ஒன்றும் அகப்பட்டிருக்கவில்லை. வெறுங்கையோடு எப்படிப் போவது? அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜில் அறை எடுத்தாள். "தனியாவா?" என்று கேட்டார்கள். "பொண்ணு வீடு பக்கத்துல" என்றாள். அப்புறம் லாட்ஜில் எதற்கு என்று அந்த மனிதர் கேட்கவில்லை. முகத்தில் மட்டும் கேட்டார்.

மாப்பிள்ளை போன் செய்தார். தங்கமான மனிதர், பயணம் முழுக்க தினமும் ஒரு போன் போட்டவர் அவர்தான். "எங்க வந்துட்டீங்க அத்தை?"

"கிட்ட வந்துட்டேன் மாப்பிள்ளை. நாளைக்கு வந்துடுவேன்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே மரத்தடியில் காரை நிறுத்தி லேப்டாப்பைத் திறந்தாள். ஒன்பது மணிக்கு மகள் வெளியே வந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை அவளுக்கு. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். கன்னம் வற்றியிருந்தது. இவள் திருடி மாதிரி இருக்கையில் சறுக்கித் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். மூவாயிரம் கிலோமீட்டர் வந்து, பெற்ற பெண்ணைக் கண்டு ஒளிந்துகொண்ட தாய் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். அன்றைக்குப் பதினான்கு அழைப்பு. பதினான்கு பேரையும் பத்திரமாக வெளியே அனுப்பினாள். மூன்று மணி ஆனது, நான்கு ஆனது, ஆறு மணிக்கு மகள் திரும்பி வந்து படியேறினாள். இவள் லாட்ஜுக்குப் போனாள்.

"நேத்தும் நாளைக்குன்னுதானே சொன்னீங்க அத்தை?" என்றார் மாப்பிள்ளை.

"ரோடு சரியில்ல மாப்பிள்ளை."

அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது போலிருந்தது. கடுகு நிறத்தில் அந்தத் தெருவில் வேறு கார் எதுவும் இல்லை என்பது இவள் புத்தியில் உறைக்கவில்லை.

அதற்கும் மறுநாள் ஒன்பது மணி ஆகியும் மகள் வேலைக்குக் கிளம்பி வரவில்லை. பதினொரு மணிக்கு ஒரு பல்வலிக்காரர் மாட்டிக்கொண்டார். பல் டாக்டரைப் பார்க்கப் போனவர், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தார். பயந்த மனிதர். பேச்சு நின்றால் மூச்சு வாங்குகிறது என்றார். ஆகவே நிறுத்தாமல் பேச வைத்தாள்.

"மேடம், பயத்துல பல்வலியே போயிடுச்சு. இப்ப வெளிய வந்தா டாக்டர்கிட்ட என்னன்னு சொல்றது?"

"லிஃப்ட்லயே வைத்தியம் ஆயிடுச்சுன்னு சொல்லுங்க சார்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே கார்க் கண்ணாடியில் தட்டுகிற சத்தம் கேட்டது. மகள் நின்றிருந்தாள். வீட்டு உடையோடு, செருப்பில்லாமல் வந்திருந்தாள். நிதானத்தின் வலது கை தானாக மேலே எழுந்து, ஒரு விரலைக் காட்டியது. ஒரு நிமிஷம். பாழாய்ப்போன விரல், பதினோரு வருஷப் பழக்கம். நீட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது. மகள் அந்த விரலையே பார்த்தாள். அப்படியே போய்விடுவாள் என்று இவளுக்கு உயிரே போய்விட்டது.

அவள் போகவில்லை. காரைச் சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து, கூடையைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். அம்மாவைப் பார்க்காமல் திரையில் ஓடுகிற நிமிடக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சே?"

"என் பொண்ணு வந்து பக்கத்துல உக்காந்திருக்கா."

"அட, ஆபீசுக்கே வந்துட்டாங்களா! பாசக்காரப் பொண்ணு. கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆச்சு சார்."

"பேரப் பிள்ளைங்க?"

இந்தக் கேள்வியெல்லாம் அவளுக்குப் புதிதில்லை. மாட்டிக்கொண்டவர்கள் பயத்தில் எதையாவது கேட்பார்கள். எல்லாரும் நல்லா இருக்காங்க சார் என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிட வேண்டும். அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. மகளின் கை லேப்டாப் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

"ஒண்ணு வர இருந்துச்சு சார். அஞ்சாம் மாசத்துல போயிடுச்சு."

"ஐயோ. தெரியாம கேட்டுட்டேன் மேடம்."

"இல்ல, கேளுங்க. அன்னைக்கு என் பொண்ணு எனக்குத்தான் போன் பண்ணினா. நான் அவள காக்க வச்சுட்டு உங்கள மாதிரி ஒருத்தர்கிட்ட பேசிட்டிருந்தேன். வேற ஆளுக்கு மாத்தி விட்டிருக்கலாம். மாத்தல. நான்தான் பெரிய இவளாச்சே. அவ லைனுக்கு ஒரு சின்ன பச்சை விளக்கு மின்னிட்டே இருக்கும். அதையேதான் பாத்துட்டிருந்தேன். பத்தொன்பதாவது நிமிஷம் அது அணைஞ்சுது. அவ வச்சுட்டான்னு தெரிஞ்சுது சார். தெரிஞ்சும் மீதி நாலு நிமிஷம் அந்த ஆளுக்கு ஜோக் சொல்லிட்டிருந்தேன். எல்லார்கிட்டயும், திரும்பி வந்து பாத்தப்ப கட்டாயிருந்துச்சுன்னு சொன்னேன். பொய். நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

வரிசை இல்லை, நிதானம் இல்லை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, சொன்னதையே திருப்பிச் சொல்லி, எப்படியோ சொல்லி முடித்தாள். மறுமுனையில் ஏதோ இரும்பு இழுபடுகிற சத்தம், ஆள் பேச்சு.

"மேடம், திறந்துட்டாங்க" என்றார். "நான் போகவா?"

"போங்க சார்."

"பொண்ணுகிட்ட பேசுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

உடனே திரையில் அடுத்த மணி அடிக்கத் தொடங்கியது. இவள் கையை நீட்டுவதற்குள் மகள் லேப்டாப்பை மூடினாள். சத்தம் நின்றது. எங்கேயோ ஒரு லிஃப்டில் யாரோ காத்திருக்கிறார்கள். அதை வேறு யாராவது எடுப்பார்கள் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக நிதானம் விட்டுவிட்டாள்.

தெருவில் ஒரு சைக்கிள் போனது. மகள் மூடிய லேப்டாப்பின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணும்மா" என்றாள்.

"என்ன?"

"ஒண்ணு ஒண்ணுன்னு சொல்றியே. பொண்ணு அது. நாங்க பேர்கூட வச்சிருந்தோம். அதை உன்கிட்ட சொல்லணும்னுதான் பத்தொன்பது நிமிஷம் லைன்ல நின்னேன். அப்புறம் யார்கிட்டயும் சொல்லத் தோணல."

"என்ன பேரு?"

மகள் சொன்னாள். நிதானம் அந்தப் பெயரை ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். இரண்டாம் தடவை சொல்லும்போது குரல் பிய்த்துக்கொண்டு போய், நடந்துபோகிறவர்கள் நின்று பார்க்கும்படி ஓவென்று அழுதாள். மகள் அவள் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அவளோடு சேர்ந்து அழத் தொடங்கினாள்.